கோட்டையை விட்டு இறங்கியவர்கள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற குளிர்காலத்தில், வீட்டுக்குள் சும்மா இருக்கப் பிடிக்காமல், கனடாவில், எங்கள் ஸ்காபரோ நூலகம் ஒன்றில் நடந்த வரலாற்று வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியை ஸ்பெயினிலிருந்து வந்தவர். தன் ஊரின் மலையுச்சியில் நிற்கும் கோட்டையைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்.

அதைக் கட்டியவர்கள் முஸ்லிம்கள். வடக்கிலிருந்து வந்த கிறிஸ்தவ அரசரின் படையால் மதிலை உடைக்க முடியவில்லை. அடிவாரத்தில் கூடாரம் அடித்துக் காத்திருந்தார்கள். கோடை முற்றி, உள்ளே மழைநீர்த் தொட்டி வற்றியதும் கோட்டைத் தலைவர் பணிந்தார். உயிருக்கு ஆபத்தில்லை, கையில் தூக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு போகலாம் என்பது உடன்படிக்கை. சனங்கள் மலையிறங்கிய பிறகு பள்ளிவாசல் தேவாலயமாயிற்று.

"அவர்கள் எங்கே போனார்கள்?" என்று பக்கத்தில் இருந்த மொரோக்கோக்காரர் கேட்டார்.

"சிலர் தெற்கே, இன்னும் முஸ்லிம்கள் ஆண்ட கிரனாடாவுக்கு. சிலர் கடல் கடந்து உங்கள் நாட்டுக்கு."

அன்று சாப்பிடும்போது மனைவியிடம் இதைச் சொன்னேன். போர்க்காலத்தில் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்த நாளைத்தான் அவளும் நினைப்பாள் என்று எண்ணினேன். அவள் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்.

"எங்கட ஊரிலயும் முஸ்லிம் சனத்தை இயக்கப் பெடியள் உப்பிடித்தானே வெளிக்கிடச் சொன்னவை. என்னோட படிச்சவள் ஒருத்தி ஒரு பையோட போனவள். எங்க போனவள் எண்டே தெரியாது."

அடுத்த கிழமை அவளும் வகுப்புக்கு வந்தாள். போனவர்களில் யாராவது திரும்பி வந்தார்களா என்று ஆசிரியையைக் கேட்டாள்.

"சிலர் வந்தார்கள். வயல் வேலைக்கு ஆளில்லாமல் புதிய எசமானர்களே கூப்பிட்டார்கள். ஆனால் மலைமேல் இருக்க விடவில்லை. மதிலுக்கு வெளியே, கீழேதான் குடியிருந்தார்கள்."

பஸ்ஸில் திரும்பும்போது, "இஞ்சருங்கோ, நான் அவளைத் தேடப்போறன்," என்றாள்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கையிடம் சொல்லி விசாரித்தாள். பனி உருகத் தொடங்கிய நாட்களில் தெற்கே, புத்தளத்துத் தொலைபேசி இலக்கம் ஒன்று கிடைத்தது. ஒரு ஞாயிறு காலை அழைத்தாள். தோழி முதலில் நம்பவில்லை. பள்ளிக்கூடத்தில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்த, ஒரு கால் ஆடும் வாங்கைப் பற்றி இவள் சொன்னதும் தோழி உரக்கச் சிரித்தாள். எனக்கும் கேட்டது.

"ஊருக்குத் திரும்பிப் போனனியோ?" என்று இவள் கேட்டாள்.

"வீட்டைப் பாக்கப் போனன். கூரை இல்லை, சுவர்தான் நிக்குது. மகன் அங்க கடை போட்டிருக்கிறான். நான் இஞ்சதான்."

பிறகு தோழி, கனடாவில் இப்போதும் குளிரா என்று கேட்டாள்.