பதில் வராததைச் சொல்ல வந்தவர்

புதிய ரயில் பாதையை விளக்க, மானாம்பதிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். வெயிலில் கறுத்த முகம், அக்குளில் சுருட்டிய வரைபடம். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லி நோட்டில் எழுதிக்கொள்வார்.

நடவு வேலை செய்யும் அஞ்சலை அக்கா கேட்டார்: "எங்க சுடுகாட்டு வழி உன் மேப்புல இருக்குதாம்மா?"

"இல்லக்கா."

"அப்ப பொணத்தத் தூக்கிக்கினு தண்டவாளத்துல ஏறி எறங்கணுமா?"

"தெரியலக்கா. கீழ வழி விடுவாங்களான்னு கேட்டுச் சொல்றேன்."

பத்தே நாளில் பஸ் ஏறி வந்தார். "இன்னும் பதில் வரலக்கா."

"இத்த சொல்லவா இம்மாந்தூரம் வந்த?"

"நீங்க காத்திருப்பீங்களே."

அப்படி நான்கு முறை வந்தார். ஐந்தாம் முறை விரித்த வரைபடத்தில், தண்டவாளத்துக்குக் கீழே எங்கள் வழி இருந்தது. ஆனாலும் வெறுங்கையோடு வந்த அந்த நான்கு நாட்கள்தான் எனக்கு இன்னும் வியப்பு. நானாக இருந்தால் போனில் சொல்லியிருப்பேன்.