வலது தோளும் 'தீர்' என்ற சொல்லும்

இரும்புக் குண்டு இரும்புக் குண்டில் மோதுகிற சத்தம் எனக்கு முதலில் வயிற்றில்தான் கேட்கும். காதுக்கு அப்புறம்தான் வரும். அந்தச் சத்தத்துக்காகவே வருஷக்கணக்கில் சாயங்காலம் ஆனால் ரெட்டியார்பாளையத்தில் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற செம்மண் திடலுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

பெத்தாங்க் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரையில் ஒரு சின்ன மரக்குண்டு கிடக்கும். அதற்குப் பக்கத்தில் யாருடைய இரும்புக் குண்டு நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. நிதானமாக உருட்டிக் கிட்டே கொண்டுபோகிறவர்கள் இருப்பார்கள். கிட்டே வந்துவிட்ட எதிராளியின் குண்டை அடித்துத் தூரப் பறக்கவிடவும் ஒருவன் வேண்டும். எங்கள் செட்டில் அது நான்.

என்னைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். நான் கேஸ் அடுப்பை மூடினோமா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்புகிற ஆள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பெயிண்ட் வேலைக்கு வந்தவன். இன்றைக்கும் சாரத்தில் ஏறுவதற்கு முன்னால் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்ப்பேன். போன் அடித்தாலே யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவேன். நாள் முழுக்கச் சேர்ந்த அந்தப் பயத்தை எல்லாம் கையில் இருக்கிற குண்டில் ஏற்றி இன்னொருத்தன் குண்டின் மண்டையில் போடுவேன். படாரென்று நெருப்புப் பொறி பறக்கும். அப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கும்.

நான் அடிக்க வேண்டிய நேரத்தில் எங்கள் சொல்தா கத்துவார், "தீர்!" என்று. பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் சொல்தாதான். அந்தச் சொல் தமிழ் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். தீர்த்துக்கட்டு என்பதைச் சுருக்கிச் சொல்கிறார், பொருத்தமாகத்தானே இருக்கிறது என்று. ஒருநாள் அவரே சொன்னார், "அது ப்ரான்ஸே, பிரெஞ்சு பாஷைய்யா. அடின்னு அர்த்தம். பட்டாளத்துல அதையே சொன்னா துப்பாக்கி வெடிக்கும்."

லாஸ்பேட்டையில் ஒரு குவார்ட்டர்ஸில் சீலிங் அடித்துவிட்டு அப்படியே ஆட வந்த நாள் அது. கையை வீசினேன். தோளுக்குள் பழைய வேட்டி கிழிகிற மாதிரி இருந்தது. குண்டு பக்கவாட்டில் போய்ச் சிமெண்டு பெஞ்சின் காலை உடைத்தது. நான் மண்ணில் முட்டி போட்டு வாந்தி எடுத்தேன்.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா என் கையை மெல்லத் தூக்கிப் பார்த்தார்.

"ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்கு. வேலையா, ஆட்டமா, எத விடப் போறீங்க?"

"வேலைய விட முடியாதுங்க மேடம்."

"அப்ப வேலையிலயும் கைய மேல தூக்காதீங்க. ஆட்டத்துப் பக்கமே போவாதீங்க. மழை முடியற வரைக்கும் ரெஸ்ட். மீதியும் கிழிஞ்சிதுன்னா உங்களுக்குச் சட்டை மாட்டி விடவே ஆள் வேணும்."

எனக்கு அது போதாதா? கை போச்சு, பிழைப்புப் போச்சு, ஆட்டமும் போச்சு என்று பஸ்ஸிலேயே எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டேன். கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் மாட்டிக்கொண்டேன். வேலையில் கிரில், கதவு என்று இடுப்பு உயரத்துக்கு மேல் எதையும் தொடவில்லை. குண்டுகளைப் பழைய லுங்கியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

தோள் ஓய்ந்தது. மற்றதெல்லாம் ஓயவில்லை. அடிக்க ஒரு இடம் இல்லாமல் போனதும் உள்ளே இருந்தது எல்லாம் வெளியே வர ஆரம்பித்தது. இடது கையால் கதவை அறைந்தேன். பெயிண்ட் டப்பாவைக் காலால் எத்தினேன். டீக்கடையில் எதிரே ஒருவர் வழுக்கைத் தலையோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஏழு மீட்டர், காற்று இல்லை, நெற்றிக்குக் கொஞ்சம் மேலே என்று என் கண் தானாக அளந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இந்த மாதிரி எண்ணம் வருகிறவன் ஒருநாள் செய்தும் விடுவான் என்று அந்த வாரம் முழுக்கப் பயந்தேன்.

வீட்டில் என் பெண்டாட்டிக்குப் பொறுக்கவில்லை. "ஆடத்தானே கூடாதுன்னாங்க? போய் உக்காந்து பாத்துட்டாவது வாங்க. எந்தம்பிதானே உங்க எடத்துல ஆடறான். இங்க கதவு தாங்காது."

போனேன்.

அன்றைக்கு லாஸ்பேட்டை செட்டோடு ஆட்டம். அவர்களில் ஒருவர் வரவில்லை என்று குடோனில் கூட வேலை செய்கிற ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். விழுப்புரம் ரோட்டில் ஏதோ கிராமம், வீட்டில் விவசாயம். ஆட்டத்துக்குப் புதுசு, ஆனால் நல்ல கை. அவருக்கும் என் மச்சானுக்கும் வந்ததில் இருந்தே ஒத்துப்போகவில்லை. தூரம் அளக்கும்போது முட்டிக்கொண்டது.

"டேப்ப தளர்த்திப் புடிச்சா உன் குண்டு கிட்டத்தான் வரும்" என்றார் அவர்.

"வரப்பு அளக்கற ஆளுக்கெல்லாம் பெத்தாங்க் எதுக்கு?" என்றான் மச்சான்.

அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். மற்றவர்கள் விலக்கி விட்டார்கள். நான் பெஞ்சில் இருந்தபடியே, "மச்சான், விடு. மச்சான், வாய மூடு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாருக்கும் கேட்கவில்லை.

அடுத்த முறை அவருடைய குண்டு மரக்குண்டை ஒட்டி நின்றது. ஆள் பெருமையாகத் தன் குண்டுக்குப் பின்னாலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அங்கே நிற்கக்கூடாது என்று அவருக்குத் தெரியாது. மச்சான் எறிகிற வட்டத்தில் நின்று குண்டைப் பிடித்துக் குறி பார்த்தான். அவன் பார்த்தது குண்டைத்தான். ஆனால் எதிரே நின்று பார்த்தால் ஆளைப் பார்க்கிற மாதிரியே இருக்கும்.

சொல்தா கத்தினார். "யோசிக்காத! தீர்! அவன தீர்!"

எங்களுக்கு 'அவன்' என்றால் அவன் குண்டு. திடலில் குண்டையும் ஆளையும் யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

புது ஆள் ஓடி வந்த வேகத்தை நான் இன்னும் கனவில் பார்க்கிறேன். நெற்றியால் மச்சான் மூக்கில் முட்டினார். அந்தச் சத்தமும் எனக்கு வயிற்றில்தான் கேட்டது. மச்சான் மல்லாந்து விழுந்தான். மேலே ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினார், ஒவ்வொரு குத்துக்கும் ரத்தம் சட்டையில் தெறித்தது. கிட்டே போன ஒருவரை உதைத்தார். அப்புறம் பக்கத்தில் கிடந்த இரும்புக் குண்டை எடுத்து மச்சான் முகத்துக்கு மேலே தூக்கினார்.

நான் தொட்டிலில் இருந்து கையை உருவினேன். காலடியில் ஒரு குண்டு கிடந்தது. எடுத்தேன். ஏழு மீட்டர். காற்று இல்லை. புருவத்துக்குக் கொஞ்சம் மேலே. அந்தத் தூரத்தில் நான் தவறவிட்டதே இல்லை. பயம் என்பது எனக்குள் துளியும் இல்லை அப்போது. வாழ்க்கையில் அப்படி இருந்தது அந்த ஒரு நொடிதான்.

கையைப் பின்னால் இழுத்து வீசினேன். இடுப்பைத் தாண்டி அது வரவில்லை. தோளில் கரண்ட் அடித்து விரல்கள் தானாகத் திறந்துகொண்டன. குண்டு நேராக என் கால் கட்டைவிரலில் விழுந்தது.

நான் போட்ட சத்தத்தில் எல்லாரும் திரும்பினார்கள். அவரும் திரும்பினார். சொல்தாவுக்கு அது போதும். குனிய முடியாதவர்கள் குண்டு எடுக்க வைத்திருக்கிற காந்தக் கயிறு அவர் கையில் இருந்தது. சுழற்றி அடித்தார். காந்தம் புது ஆளின் புருவத்தில் பட்டுக் கிழித்தது. குண்டு கை நழுவி மண்ணில் விழுந்தது.

ஒரே ஆட்டோவில் போனோம். மூக்கு, புருவம், கட்டைவிரல். சொல்தா டிரைவர் பக்கத்தில்.

"கொல்லச் சொன்னாரே, நீங்க எல்லாருமே கேட்டீங்கல்ல?" என்றார் புது ஆள், புருவத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டு.

"குண்ட அடிக்கச் சொன்னேன்யா. தீர்னா அடி!"

"எங்க ஊர்ல தீர்னா ஆள முடிக்கறது."

"சரி, இனிமே அடின்னே சொல்றேன்."

"அது மட்டும் நல்லாவா இருக்கு?"

"போடு?"

"போட்டுத் தள்ளுன்னு நெனப்பேன்."

"தூக்கு?"

மச்சான் வீங்கின மூக்கோடு கொணகொணவென்று சொன்னான். "பேசாம ப்ளீஸ்னு சொல்லுங்க பெருசு." புது ஆள் சிரித்தார். சிரித்ததில் புருவத்தில் இருந்து மறுபடி ரத்தம் வழிந்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தோள் என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. நான் எங்கே குறி வைத்தேனோ அங்கேதான் அந்தத் துண்டு நனைந்திருந்தது.

டாக்டரம்மா என் காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "ரெஸ்ட் எடுக்கச் சொன்னா இதான் ரெஸ்டா? நல்லவேளை, கை மேல போவல. போயிருந்தா மிச்சமும் போயிருக்கும்."

மிச்சம் என்று அவர் ஜவ்வைத்தான் சொன்னார்.

மழை முடிந்தது. ரோலரைப் பிடித்து மேல் சுவர் வரைக்கும் கையைத் தூக்கினேன், வலிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தூக்கினேன். அப்போதும் வலிக்கவில்லை. அன்று சாயங்காலம் லுங்கி மூட்டையைப் பிரிக்காமல் வெறுங்கையோடு திடலுக்குப் போனேன்.

அந்தப் புது ஆள் இப்போது வாரம் தவறாமல் வருகிறார். மச்சானும் அவரும் ஒரே வண்டியில் வந்து இறங்குகிறார்கள். சொல்தா இன்னும் 'தீர்' என்றுதான் கத்துகிறார். புருவத்தில் தழும்பு இருக்கிறவர் அதைவிடப் பெரிதாகக் கத்துகிறார்.

என்னைப் பார்த்ததும் ஒரு குண்டை எடுத்து வந்து கையில் வைத்தார். "ஒண்ணு போடுங்கண்ணே. பாத்து, கால்ல போட்டுக்காதீங்க."

குண்டு குளிர்ந்திருந்தது. அதன் கனம் விரல்களில் சரியாக வந்து உட்கார்ந்தது. அவர் சிரித்துக்கொண்டே நடந்துபோய்த் திரும்பி நின்றார். ஏழு மீட்டர் இருக்கும். காற்று இல்லை.

நான் போய்க் குண்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"இன்னும் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கறேன்."

"கை சரியாயிடுச்சுன்னு மச்சான் சொன்னானே?"

"கை சரியாயிடுச்சு" என்றேன்.