கதவில் ஒட்டிய இரண்டு சேனாதிபதிகள்

எனக்கு வாய் நீளம். இன்றைக்கும் அப்படித்தான், பத்து வயதில் இன்னும் மோசம். அந்த வாயால் என் தம்பிக்கு நான் செய்ததை எழுதிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை உட்கார்ந்து, பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன். இன்று எழுந்து போவதாக இல்லை.

நாங்கள் பினாங்கிலிருந்து வந்தவர்கள். அப்பாவுக்கு அங்கே ஓர் அரிசிக் கடையில் வேலை. சண்டை வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும் அம்மாவையும் என்னையும் தம்பியையும் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிவிட்டு, "ஆறு மாசத்துல நானும் வந்துடறேன்" என்று துறைமுகத்தில் நின்றுகொண்டார். நாங்கள் ஸ்ரீரங்கத்தில் பெரியப்பா வீட்டில் வந்து இறங்கினோம். கொல்லைப்பக்கத்து அறை ஒன்றை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்த பிறகு அப்பாவின் கடிதம் நின்றுபோயிற்று. ஆறு மாசம் என்ற பேச்சை அதற்குப் பிறகு வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

என் தகரப் பெட்டியில் பாவாடைகளுக்கு அடியில் இரண்டு காகிதப் படங்கள் இருந்தன. பினாங்கில் எங்கள் அடுத்த வீடு ஒரு சீனரின் காப்பிக் கடை. அவருடைய மகளுக்கு என் வயது. எங்களுக்குள் மலாய்தான் பேச்சு. நாங்கள் கப்பலேறும் நாளில் அவள் ஓடிவந்து கையில் திணித்தவை அவை. ஆளுக்கொரு கவசம், முதுகில் கொடிகள், இடுப்பு வரை தாடி. ஒருவருக்குச் சிவப்பு முகம், மற்றவருக்குக் கறுப்பு முகம். சீனர்கள் வருஷப் பிறப்புக்கு வாசற்கதவின் இரண்டு பக்கமும் அவர்களை ஒட்டுவார்கள். அந்தக் காலத்தில் ஒரு ராஜாவைப் பேய்கள் தூங்கவிடவில்லையாம். அவனுடைய சேனாதிபதிகள் இருவர் வாசலில் நின்று காவல் காத்தார்களாம். அவர்களும் மனுஷர்கள்தானே, எத்தனை நாள் நிற்பார்கள்? அவர்களைப் படமாக எழுதிக் கதவில் ஒட்டிவிட்டார்கள். பேய்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவள் சொன்ன கதை அவ்வளவுதான்.

நான் அதோடு விட்டேனா? தம்பிக்கு ஆறு வயது. பினாங்கும் ஞாபகமில்லை, அப்பா முகமும் சரியாக ஞாபகமில்லை. அவனுக்காக அந்தக் கதையை இழுத்து நீட்டினேன். அப்பாவைக் கூட்டிவரக் கிளம்புகிறான் ஒரு பையன். கூடவே இரண்டு சேனாதிபதிகளும் போகிறார்கள். ஏழு வாசல்களைத் தாண்டினால் கடல் வரும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஆபத்து. மூன்றாவதில் கோரைப்பல் பூதம் ஒன்று, அதற்குச் சிவப்பைக் கண்டால் பயம். இதைக் கேட்ட நாளிலிருந்து தம்பி என் சிவப்பு ரிப்பனை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு திரிந்தான்.

ஏழு வாசல் எங்கிருந்து வந்தது என்று ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயிலுக்குள் ஒவ்வொரு வாசலாகப் போவோம். கதையும் கூடவே வரும். உள்ளே ஒரு வாசலில் கதாயுதத்தோடு நின்ற துவாரபாலகர்களைப் பார்த்துவிட்டு அவன் கத்தினான். "அக்கா, நம்ம ஆளுங்க இங்கயும் நிக்கிறாங்க!" பக்கத்தில் போன ஒரு பெரியவர் முறைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த ஆடியில் அவன் அப்பாவைக் கூட்டிவர, யாரிடமும் சொல்லாமல் கொள்ளிடக் கரைக்குப் போய்விட்டான். புது வெள்ளம் சுழித்துக்கொண்டு ஓடுகிறது, இவன் விளிம்பில் நிற்கிறான். யாரோ கண்டு தூக்கிவந்தார்கள். அடி எனக்கு விழுந்தது. அழுது முடித்ததும் அவனை உட்கார வைத்துச் சொன்னேன். "சேனாதிபதிங்க வெளியிலேர்ந்து வர்றவங்கள மட்டும் தடுக்க மாட்டாங்கடா. உள்ளேர்ந்து தனியா போறவனையும் புடிச்சுக்குவாங்க. நான் சொன்னாத்தான் வழி விடுவாங்க."

சீனாவில் எந்தக் கதையிலும் அப்படி இல்லை. அது என் சரக்கு. ஆனால் பலித்தது. அன்று முதல் வாசற்படியில் நின்றுகொண்டு, "அக்கா, சொல்லுக்கா, நான் போகணும்" என்பான். "வழி விடுங்க" என்று நான் காற்றைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் காலை எடுத்து வைப்பான். சில நாள் வேண்டுமென்றே சொல்லாமல் நிற்க வைத்திருக்கிறேன். அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

பங்குனியில் எங்கள் தெருவில் அம்மை வந்தது. அம்மை என்று சொல்லக்கூடாது, "அம்மா வந்திருக்கா" என்றுதான் சொல்ல வேண்டும். எதிர்வீட்டில் வேப்பிலை கட்டினார்கள். எனக்குப் பினாங்கிலேயே அம்மை குத்தியிருந்தது. முனிசிபாலிட்டி ஆள் தெருவுக்கு வந்த அன்று தம்பிக்குச் சளிக் காய்ச்சல், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டார்கள். அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

அவனைக் காப்பாற்ற என்னிடம் இருந்தது அந்த இரண்டு படங்கள்தான். மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில் கஞ்சியைத் தடவி, எங்கள் அறைக்கதவின் வெளிப்பக்கம் ஆளுக்கொரு பலகையில் ஒட்டினேன். முகத்தோடு முகம் பார்க்கும்படி ஒட்ட வேண்டும், அதில் தவறவில்லை. தம்பி கை தட்டினான். அம்மா பார்த்துவிட்டு, "என்னத்தையோ ஒட்டிக்க, போ" என்றாள். கடிதம் நின்றதிலிருந்து அவள் எதற்கும் அதிகம் பேசுவதில்லை.

நான்கு நாள் கழித்துத் தம்பிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. அடுத்து முகத்தில் முத்துப் போட்டது.

வேப்பிலையைக் கட்ட வந்த பெரியம்மா அப்போதுதான் கதவைச் சரியாகப் பார்த்தாள். மாரில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! அம்மா உள்ள வந்துட்டாளேடி! வாசல்ல காவலுக்கு ஆள நிறுத்தி வச்சிருக்கியே, இனி அவ எப்படிப் போவா?"

பேயை வெளியே நிறுத்தத் தெரிந்த எனக்கு, வந்தவள் குளிர்ந்து திரும்பிப் போகவும் வாசல் வேண்டும் என்று தோன்றவே இல்லை. பினாங்குப் புத்தி. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எந்தக் குழந்தையும் அதைச் செய்திருக்காது.

"கிழிச்சுடட்டுமா பெரியம்மா?"

"ஐயையோ, தொடாதே! எந்த ஊரு சாமியோ என்ன கோவமோ! அம்மா இருக்கிற வீட்ல எதையும் சுரண்டக் கூடாது."

அதனால் படங்கள் அப்படியே இருந்தன. வீட்டில் தாளிப்பு நின்றது. வந்தவர்கள் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். பெரியம்மா தினமும் காலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, சீனத்துச் சேனாதிபதிகள் முன்னால் ஒரு கிண்ணம் கூழ் வைத்துக் கும்பிட்டாள். "ஐயா, வழி விடுங்க. எங்கம்மா போகட்டும்." வேறு சமயமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

உள்ளே வாழையிலையில் கிடந்த தம்பிக்கு அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, இமைகள் வீங்கி அவன் கண் இரண்டும் மூடிக்கொண்டன. அம்மா தலைமாட்டில் வேப்பங்கொத்தால் விசிறியபடியே உட்கார்ந்திருந்தாள். உச்சி வெயில் நேரம். நான் இளநீரைத் துணியில் நனைத்து அவன் வாயில் பிழிந்துகொண்டிருந்தேன். திடீரென்று என் கையைப் பிடித்தான்.

"அக்கா, அவங்க என்னைப் புடிச்சிருக்காங்க."

"யாருடா?"

"கதவுல இருக்கிறவங்க. ரெண்டு பேரும் உள்ள வந்துட்டாங்க. நெஞ்சு மேல காலை வச்சிருக்காங்க. நான் எங்கயும் போகல அக்கா. ஆத்துக்குப் போகல. போகச் சொல்லுக்கா அவங்கள."

"வழி விடுங்க" என்றேன். காற்றைப் பார்த்து இல்லை, கதவைப் பார்த்து.

"போகலக்கா."

"வழி விடுங்க, வழி விடுங்க, அவன் எங்கயும் போகல." எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. அவன் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. அம்மா வேப்பங்கொத்தைப் போட்டுவிட்டு அவன் கால்களைப் பிடித்துக்கொண்டாள்.

நான் எழுந்து வெளியே ஓடினேன். சுரண்டக் கூடாது, தொடக் கூடாது, எல்லாம் மறந்துபோயிற்று. கஞ்சி காய்ந்து கல்லாகியிருந்தது. நகத்தால் பிறாண்டினேன். சிவப்பு முகம் பாதியோடு கிழிந்து வந்தது. கறுப்பு முகத்தைப் பல்லால் கடித்து இழுத்தேன். பெரியம்மா அலறிக்கொண்டு அடுக்களையிலிருந்து வந்தவள், என் விரல்களில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். மரத்தில் ஒரு துளி வண்ணம் இல்லாமல் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

"போயிட்டாங்கடா தம்பி! ரெண்டு பேரையும் கிழிச்சுப் போட்டுட்டேன். வாசல்ல யாரும் இல்ல."

அவன் முகத்தை என் பக்கம் திருப்பினான். கண்ணைத் திறக்க முயன்றான், முடியவில்லை. நான் காகிதத் துண்டுகளை அவன் உள்ளங்கையில் வைத்து மூடினேன். "தொட்டுப் பாரு. அவங்கதான். இவ்வளவுதான் அவங்க, வெறும் காகிதம்டா. அவங்க யாரையும் புடிக்க மாட்டாங்க. அது நானாச் சொன்னது."

அவன் விரல்கள் காகிதத்தைத் தடவின. பிறகு, என்னைத் தேற்றுகிறவன்போல மெதுவாகச் சொன்னான்.

"நீ கதை சொல்றக்கா."

இல்லை என்றேன். அம்மா மேல் சத்தியம் என்றேன். அப்பா மேல் சத்தியம் என்றேன். நான் சொன்ன பூதத்தையும் ஏழு வாசலையும் ஒரு கேள்வி கேட்காமல் நம்பியவன், அந்த ஒன்றை மட்டும் நம்பவில்லை. சாயங்காலம் வரை அசையாமல், மூச்சைக்கூட அடக்கி அடக்கி விட்டுக்கொண்டு கிடந்தான். அசைந்தால் அவர்கள் பிடித்துவிடுவார்கள் என்று நினைத்தான். விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த மூச்சும் நின்றது. அம்மா அவன் தூங்கிவிட்டான் என்றே நினைத்தாள்.