வேட்டியின் மறுபாதி

பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது என்பார்கள் எங்கள் பக்கம். பெரியவர்கள் உடுத்தி நைந்த துணியில்தான் முதலில் கிடத்த வேண்டும். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்த எங்களுக்குப் பெரியவர்கள் என்று யாரும் இல்லை. என் கணவரின் டிரங்குப் பெட்டியில், இறந்துபோன அவருடைய அப்பாவின் வேட்டி ஒன்று இருந்தது. பூச்சி அரிக்காமலிருக்கப் பாச்சை உருண்டைகளைப் போட்டுப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். நான் மாசமானதிலிருந்தே அந்த வேட்டியைப் பற்றித்தான் பேச்சு.

ஆஸ்பத்திரியில் கட்டில் பற்றாக்குறை. பெற்ற மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் வேட்டியை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியில் மகனைச் சுற்றினார். "உங்க தாத்தா மடியிலதான்டா படுத்திருக்க," என்று அவனிடம் சொல்லிச் சிரித்தார். அறை முழுக்கப் பாச்சை உருண்டை நெடி. எங்களுக்கு அது சுத்தத்தின் வாசனை.

இரண்டு நாளில் பிள்ளை மஞ்சளாகத் தெரிந்தான். பார்க்க வந்த பெண்கள், "மஞ்சப் பூசிக் குளிப்பாட்டின மாதிரி நல்ல நிறம்லா, கண்ணுபடப் போவுது," என்றார்கள். நானும் பூரித்துப்போய்க் கன்னத்தில் மைப்பொட்டு வைத்தேன். பிள்ளையின் நிறத்தைப் பற்றி இன்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவேன்.

பிறகு பால் குடிப்பதை விட்டான். முதுகை வில்லாக வளைத்துக் கீச்சுக்குரலில் அழுதான். டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் பிள்ளையைத் தூக்கினார், துணியை முகர்ந்தார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதை, கூட நின்ற தமிழ் நர்ஸ் எங்களிடம் கேட்டாள். "வீட்ல பாச்சை உருண்டை வச்சிருக்கீங்களா?"

"துணிக்குள்ள போட்டு வச்சிருந்தேன், மிஸ்ஸி," என்றார் கணவர். நர்ஸ்களை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"சில பிள்ளைங்க ரத்தத்துக்கு அது ஆகாது. ரத்தம் உடைஞ்சு காமாலை மூளைக்கு ஏறிடும். ரத்தத்தை மாத்திப் பார்க்கிறோம்னு டாக்டர் சொல்றாரு. ஆனா ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க."

கணவர் தன் விரல்களை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

ரத்தம் மாற்றியும் அவன் பிழைக்கவில்லை. யார்மேல் கோபப்படுவதென்று தெரியாமல் எனக்கு எல்லார்மேலும் கோபம் வந்தது, கண்ணால் பார்த்திராத மாமனார்மேலும்கூட.

மிஸ்ஸி வந்து, "பிள்ளையைச் சுத்தித் தரத் துணி இருக்கா?" என்று கேட்டாள்.

மாற்றுத்துணியாக நாங்கள் எடுத்து வந்திருந்தது வேட்டியின் மறுபாதிதான். கணவர் அதைப் பையிலிருந்து எடுத்தார், பார்த்தார், மறுபடியும் உள்ளே திணித்தார். பிறகு தன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

பனியனோடு டாக்சியில் ஏறி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார். துறைமுக வேலைக்கு அன்றாடம் போட்டுப்போகும் சட்டை அது. அதில் வேர்வை வாடை மட்டும்தான் இருந்தது.