ரோஸ் நிறப் பக்கம்

புதிதாக வாங்கிய ஆட்டோகிராப் புத்தகத்துக்கு ஒரு வாசனை உண்டு. பசையும் சாயமும் கலந்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் போலவும் கொஞ்சம் மிட்டாய்க்கடை போலவும் இருக்கும் அது, தாள்களுக்குள் மூக்கைப் புதைத்தால் தொண்டைவரை இறங்கும். உள்ளங்கை அகலத்தில் வெளிர் மஞ்சள், வெளிர் பச்சை, வெளிர் நீலம், ரோஸ் என்று நிறம் மாறிமாறி வரும் வழவழப்பான தாள்களுக்கு நடுவே நான் முகப்பவுடர் தூவி வைத்திருந்தேன். பள்ளியில் அதை "ஆட்டோ புக்" என்போம். வீட்டில் அதற்குப் பெயர் "கையெழுத்து நோட்டு". அப்பாவுக்குக் கோபம் வந்தால் "அந்தக் கண்ட நோட்டு".

அறுபதுகளின் தொடக்கம் அது. சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், அப்பாவின் ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். தமிழ்நாட்டிலிருந்து நடிகர்களும் பாடகர்களும் மேடைப் பேச்சாளர்களும் கப்பலிலும் விமானத்திலும் வந்துகொண்டே இருந்த காலம். யார் வருகிறார் என்று தேக்கா சந்தையில் மீன் விற்பவருக்கும் தெரிந்திருக்கும். எங்கள் தெருப் பையன்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாய லேபார் விமான நிலையத்துக்குப் பறப்பார்கள். மாலையில் திரும்பி வந்து, வியர்வையில் மை கலங்கிய கையெழுத்தை ஐஸ் பந்து தின்றபடி ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. "பொம்பளப் புள்ளைக்கு ஏர்போர்ட்ல என்ன வேலை?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்தக் கையெழுத்துகளில் அப்படி என்ன மயக்கம் என்று இப்போது கேட்கிறார்கள். புகழ் ஒட்டிக்கொள்ளும் என்ற ஆசை என்று சிலர் விளக்கமும் சொல்கிறார்கள். எனக்கு அதெல்லாம் இல்லை. தெருவில் நான் "ஜவுளிக்கடைக்காரர் மக", பள்ளியில் பதிவேட்டின் ஏதோ ஒரு வரி, வீட்டில் "ஏய், இங்க வா". ஆட்டோ புக்கை நீட்டினால் மட்டும் எதிரில் இருப்பவர் பேனாவைத் திறந்துகொண்டு, "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டாக வேண்டும். தேவகி என்பேன். ஊரே அண்ணாந்து பார்க்கும் ஒருவர் குனிந்து என் பெயரை எழுதுவார். எனக்கு வேண்டியிருந்தது அவர் பெயரல்ல, அவர் கையால் எழுதப்பட்ட என் பெயர். அதைப் புரிந்துகொள்ள அவ்வளவு கஷ்டமா?

விமான நிலையத்துக்குப் போகாமலேயே என் புத்தகம் நிறைந்ததற்குக் காரணம் அம்மாவின் அடுப்படி. அப்பா, வரும் பிரமுகர்களுக்கான வரவேற்புக் குழுவில் முக்கியப் புள்ளி. மாலை, மேடை, நாற்காலி எல்லாவற்றையும் குழு பார்த்துக்கொள்ள, சாப்பாடு எங்கள் வீட்டில். விடியும்முன் தேக்காவில் ஆட்டுக்கறி வாங்கி வந்து, மசாலாவை அம்மியில் அரைத்து, புகையில் கண் சிவந்து அம்மா சமைப்பாள். விருந்தினர் உண்டு முடித்துக் கை கழுவி, வெற்றிலையை மடிக்கும் நேரம் பார்த்து நான் புத்தகத்தோடு போய் நிற்பேன். அம்மாவோ சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்பாள். "சாப்பாடு அருமை" என்று அவர்கள் அப்பாவிடம் சொல்வார்கள். அப்பா, ஏதோ தானே கிண்டி இறக்கியதுபோலச் சிரித்துக்கொள்வார்.

பெண் விடுதலைக்காக மேடையில் மேசையைக் குத்திப் பேசிய ஒரு பேச்சாளர், மூன்றாவது முறை கறி போட்டுக்கொண்ட வாயோடு, "பெண்ணுக்கு அணிகலன் அடக்கமே" என்று என் பச்சைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். ஊரே ஆராதித்த ஒரு கதாநாயகர் வாயில் சாராய வாடையோடு, எழுத்து கோணிக்கொண்டு போக, நீலப் பக்கத்தில் கையெழுத்திட்டார். அப்பா அந்தப் பக்கத்தை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விரித்துக் காட்டினார். "கண்ட நோட்டு" அன்றைக்கு மட்டும் "எங்க பொண்ணோட கலெக்‌ஷன்" ஆகிவிட்டது.

அப்புறம்தான் கனகவேணி வந்தார். இன்று அந்தப் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. பெரிய கதாநாயகி அல்ல; படங்களில் தங்கையாக, தோழியாக வந்து, ஒரு நாட்டியம் ஆடிவிட்டுப் போகிறவர். "வோர்ல்ட்" என்று நாங்கள் சுருக்கிச் சொன்ன கேளிக்கைப் பூங்காவின் அரங்கில், ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சிக்காக அவரை ஆடவைத்தார்கள். குழுவினர் முட்டி மோதிக்கொண்டு மாலை போட்டார்கள். அவருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள அப்பா தைத்துக்கொண்ட புதுக் கோட்டு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைக்கவில்லை.

"நடிகைய வீட்டுக்குள்ள கூப்பிட முடியுமா? நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவான்? சோத்த அடுக்குல போட்டு மாணிக்கத்துகிட்ட குடுத்தனுப்பு" என்றார் அப்பா அம்மாவிடம்.

மாணிக்கம் அண்ணன் கடையில் வேலை செய்தவர். அன்று அவரையும் அரங்குக்கு நாற்காலி அடுக்க அனுப்பிவிட்டார்கள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. அம்மா அடுக்குச் சட்டியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு, அடுக்குச் சட்டியை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்து மூன்று சக்கர ட்ரைஷாவில் ஏறிவிட்டாள். நான் புத்தகத்தைப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டேன்.

பிராஸ் பாசா சாலைப் பக்கம் இருந்த விடுதியின் அறையில், கனகவேணி வெந்நீர்ப் பேசினில் கால்களை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மேடையில் மின்னிய அந்தக் கால்கள் வீங்கி, குதிகாலில் தோல் உரிந்து கிடந்தன. அம்மா தரையில் உட்காரப் போனாள்.

"ஐயோ, கீழ ஏன்? நாற்காலில உக்காருங்கக்கா. நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க."

"இல்லம்மா, நீங்க சாப்பிடுங்க. ஆறிப் போயிருக்கும்."

மீன்குழம்பையும் நெத்திலிச் சம்பலையும் பிசைந்து ஒரு வாய் வைத்தவருக்குக் காரத்தில் கண் கலங்கியது. வந்ததிலிருந்து ரொட்டியும் ஓட்டல் சோறும்தான், இன்றைக்குத்தான் சாப்பிட்டேன் என்றார். பிறகு, இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் கைநனைத்த எவரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"உங்க பேர் என்னக்கா?"

அம்மா என்னைக் காட்டி, "இவ அம்மா" என்றாள். "அது தெரியுது. பேரு?" என்று அவர் சிரித்தார். "பாக்கியம்" என்று அம்மா, யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல மெல்லச் சொன்னாள்.

நான் ரோஸ் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். நடுப் பக்கம் அது. யாருக்கும் கொடுக்காமல் காப்பாற்றி வைத்திருந்தேன். அவர் கை கழுவித் துடைத்து, நிதானமாக எழுதினார்: "கடல் தாண்டி வந்த ஊரில் எனக்குச் சோறிட்ட பாக்கியம் அக்காவுக்கும், அவர் மகள் தேவகிக்கும், அன்புடன் கனகவேணி." கடைசி எழுத்தின் வாலைச் சுழித்து, பெயருக்கு அடியில் ஒரு கோடாக இழுத்துவிட்டார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திரும்பும் வழியில் ட்ரைஷாவில், "அதுல என் பேர் எங்க இருக்கு?" என்று கேட்டாள். காட்டினேன். வீடு வரும்வரை அந்த இடத்தில் விரல் வைத்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்துக் குழுவினர் எங்கள் வீட்டில் காபி குடிக்கக் கூடினார்கள். வசூல் நன்றாக ஆன குஷி. குழுத்தலைவர் என்னைக் கூப்பிட்டுப் புத்தகத்தைக் கேட்டார், பெருமையோடு கொடுத்தேன். புரட்டிக்கொண்டே வந்தவர் ரோஸ் பக்கத்தில் நின்று, வாய்க்குள் படித்து, கண்ணைச் சிமிட்டினார்.

"என்னய்யா, உங்க வீட்டம்மாவும் நடிகையும் அக்கா தங்கச்சி ஆயிட்டாங்க போல! சொல்லவே இல்லையே லா!"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது. அவர்கள் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் நேராகச் சமையலறைக்கு வந்து, "குடும்பப் பொண்ணு பேர் இருக்கற எடமா இது?" என்று கத்தியபடி பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டார். வழவழப்பான தாள் சட்டென்று எரியாது. ஓரம் கருகி, சுருண்டு, ரோஸ் நிறம் பழுப்பாகி, பிறகுதான் பிடித்தது. நான் அடுப்புக்குள் கைவிடப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சாராய வாடையோடு எழுதிய நீலப் பக்கம் அப்படியே இருந்தது. அடக்கத்தைப் போதித்த பச்சைப் பக்கமும் பத்திரமாக இருந்தது.

அடுத்த வாரம் கடைச் சுவரில் சட்டம் போட்ட படம் ஏறியது. கழுத்து நிறைய மாலையோடு கனகவேணி, பக்கத்தில் புதுக் கோட்டில் அப்பா, சுற்றிலும் குழுவினர். சேலை எடுக்க வந்தவர்களிடம், "நம்ம குழுவுல கூப்பிட்டாத்தான் வர்றாங்க" என்று அளந்தார். படிப்பது இராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்களே, அதைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தார் என் அப்பா. அவள் படம் கடைக்கு லட்சுமிகரம், அவள் எழுத்து வீட்டுக்குத் தீட்டு! எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. காலம் ஆற்றும், பெற்றவரை மன்னித்துவிடு என்று யாரும் எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம். ஆற்ற வேண்டியது என்னையா?

அம்மா அழவில்லை, சண்டை போடவில்லை. அடுத்த பிரமுகர் வந்த அன்று அப்பா தேக்காவிலிருந்து ஆட்டுக்கறிப் பொட்டலத்தோடு வந்தபோது, அதை வாங்காமல் வெங்காயத்தை உரித்துக்கொண்டே சொன்னாள்:

"வர்றவங்களுக்குக் கடைச் சோறு வாங்கிக் குடுங்க. வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்தான் இனிமே நான் சமைப்பேன்."

அப்பா குதித்தார், கையை ஓங்கினார், ஊரிலிருந்து பெரியப்பாவை விட்டுக் கடிதம் எழுத வைத்தார். அம்மா அசையவில்லை. அதன்பிறகு எந்தப் பிரமுகரும் எங்கள் மாடிப்படி ஏறவில்லை, என் புத்தகத்தில் ஒரு கையெழுத்தும் கூடவில்லை. அதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை.

இப்போது அந்த வோர்ல்டும் இல்லை, அரங்கும் இல்லை. எங்கள் கடை இருந்த இடத்தில் கைப்பேசிகளுக்கு உறை விற்கிறார்கள். நிறம் மாறிமாறி வரும் அந்தப் புத்தகங்களை எங்கும் காண முடிவதில்லை. நட்சத்திரங்கள் வந்தால் பிள்ளைகள் கைப்பேசியை நீட்டி, ஒட்டி நின்று படம் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். யாரும் யார் பெயரையும் கேட்பதில்லை. அதுவும் ஒரு பொழுதுபோக்குதான்; புதுக் கோட்டு தைத்துக்கொண்டு என் அப்பா செய்ததும் அதைத்தான்.

போன மாதம், பழைய தமிழர் வாழ்க்கை பற்றிய ஒரு கண்காட்சிக்குப் படங்கள் சேர்க்கும் இளைஞர் ஒருவர், புக்கிட் மேராவில் இருக்கும் என் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார். அந்தக் கடைப் படத்தின் பிரதியை என் தம்பி கொடுத்திருந்தான். ஆண்கள் அத்தனை பேரின் பெயர்களும் வரிசையாக, பட்டங்களோடு, எழுதப்பட்டிருந்தன. நடுவில் நின்றவருக்கு மட்டும் "ஒரு நடிகை" என்று போட்டிருந்தது. எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. அவர் பேனாவை வாங்கி, அந்த இரண்டு சொல்லையும் அடித்துவிட்டு, மேலே கனகவேணி என்று எழுதினேன். கடைசி எழுத்தின் வாலைச் சுழித்து அடியில் கோடாக இழுத்துவிட்டேன்.

"கீழ இன்னொரு பேரும் வரணும் தம்பி. எழுதிக்குங்க. பாக்கியம்."

அவர் படத்தை உற்றுப் பார்த்தார். "இதுல அவங்க எங்க நிக்கிறாங்க, ஆன்ட்டி? தெரியலையே."

"தெரியாது. அவங்க அடுப்படியில இருந்தாங்க. எழுதுங்க."