சிந்தோ மூடாத குழி

சிந்தோவுக்குச் சமாதானத்தின் மேல் துளியும் நம்பிக்கை கிடையாது. சலத்தெனாங்கோ மலையில் எங்கள் ஊரே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து, அரசாங்கமும் கெரில்லாக்களும் பேசுகிறார்களாம் என்று வாயைப் பிளந்து கேட்கும். மனுஷன் மட்டும் ஒரு மூலையில் நின்று கொட்டாவி விடுவார்.

"எல் சால்வடோர்ல சண்டை, பேச்சு மட்டும் ஜெனீவாவுலயா? நல்லா ஊர் சுத்துறாங்கப்பா!"

பத்திரிகையில் இரு தரப்பும் கைகுலுக்கும் படம் வந்தால், "இன்னொரு கை எங்க? அதக் காட்டச் சொல்லு" என்பார்.

ஊரில் இதற்கு வேறு காரணம் சொன்னார்கள். சந்தையில் புபூசா என்கிற சோள அடை சுட்டு விற்கும் எவேலியாவிடம், "சமாதானம் வரட்டும், மறுநாளே கல்யாணம்" என்று அவர் வாக்குக் கொடுத்து நாலு வருஷமாகிறது. அப்புறம் எப்படிச் சமாதானத்தை விரும்புவார்?

"இந்தச் சிந்தோ இருக்கிற வரைக்கும் சண்டை நிக்காது" என்று எவேலியாவே சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அப்போது கையில் இருக்கும் சோளமாவுக்கு அடி பலமாக விழும்.

தொண்ணூற்றிரண்டு பிறந்தது. கையெழுத்து உறுதி என்று ரேடியோ சொன்னதும் எல்லோரும் வீட்டுப் பின்புறத்துப் பதுங்குகுழிகளை மூட ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டு லிசாந்த்ரோ தன் குழியை மேடாக்கி அதில் பன்றியைக் கட்டினார். சிந்தோவோ தன் குழிக்குப் புது மூங்கில் போட்டார். உள்ளே ஒரு ஆள் உட்கார மண் திட்டு, காப்பிப் பானை, அந்தோணியார் படம். அடேயப்பா, வீட்டைவிடக் குழி நன்றாக இருந்தது!

ஜனவரி நடுவில் ஒரு மத்தியானம் கையெழுத்தாகிவிட்டது. எவேலியா கல்லில் கிடந்த புபூசாவை அப்படியே கருகவிட்டுச் சிந்தோ வீட்டுக்கு ஓடினாள். அவள் வாயைத் திறக்கவும் தேவாலயத்தில் வாணம் வெடிக்கவும் சரியாக இருந்தது. அடுத்த நொடி அவள் குழிக்குள் கிடந்தாள். மேலே சிந்தோ, இரண்டு கைகளாலும் அவள் தலையை மூடிக்கொண்டு.

"யோவ், எந்திரி! மூச்சு முட்டுது. அது வாணம்யா!"

"சத்தம் போடாத. மொதல்ல வாணம் மாதிரிதான் கேக்கும்."

"கையெழுத்துப் போட்டாச்சு. சண்டை முடிஞ்சுபோச்சு."

"மை காயட்டும்."

எவேலியாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வாணம் ஓய்ந்த பிறகும் அந்தக் கைகள் தலையை விடாமல் பொத்தியிருக்கவே அடங்கிவிட்டது.

"மொத மொதல்ல பேச்சு நடந்தப்ப நானும் நம்புனேன்" என்றார் சிந்தோ. "வெள்ளைத்துணி பிடிச்சுக்கிட்டு ஊர்வலம் போனோம். 'இனிமே எதுக்கு இந்தக் குழி'ன்னா ரொசாவுரா. நானே என் கையால மூடுனேன். வெதச்ச சோளம் மொளைக்கிறதுக்குள்ள ப்ளேன் வந்துச்சு. அவள ஒளிச்சு வைக்க இடமில்ல, எவேலியா."

ரொசாவுரா அவருடைய முதல் மனைவி. குண்டு விழுந்து செத்தாள் என்பதுதான் ஊருக்குத் தெரியும். எவேலியாவுக்கு அழுகை வந்தது, அழுதாள். பிறகு எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"எனக்கு மனசு ஆறல, சிந்தோ. ஆனா காத்திருந்தது போதும். சனிக்கிழமை பஸ்ஸுல சாந்த அனாவுக்குப் போயி அக்கா வீட்டோடயே இருந்துடுறேன். தடுக்கிறதுன்னா அதுக்குள்ள தடு."

சனிக்கிழமை காலை மூட்டையும் புபூசாக் கல்லுமாக அவள் பஸ்ஸுக்கு நின்றாள். சிந்தோ வீட்டுப் பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

"சிந்தோ குழிய மூடுறார்டோய்!" என்று யாரோ கத்த, ஊரே ஓடியது. எவேலியா ஓடவில்லை. மானம் இருக்கிறதல்லவா? நடந்துதான் போனாள், கொஞ்சம் வேகமாக.

மூடுவதாவது! மனுஷன் உள்ளே நின்று வியர்க்க விறுவிறுக்கத் தோண்டிக்கொண்டிருந்தார்.

"அட கிறுக்கா!" லிசாந்த்ரோ தலையில் அடித்துக்கொண்டார். "ஊரே மூடிடுச்சு, நீ இன்னும் வெட்டுறியே!"

சிந்தோ அவரைக் கண்டுகொள்ளவில்லை. எவேலியாவை மட்டும் பார்த்தார். பழைய மண் திட்டுக்குப் பக்கத்தில் ஈரம் காயாமல் இன்னொரு திட்டு இருந்தது. அதன்மேல் ஒரு தலையணை.

"எனக்கு இன்னும் நம்பிக்கை வரல" என்றார். "உனக்கு இந்த அகலம் போதுமா, பாரு."

எவேலியா குழிக்குள் இறங்கி உட்கார்ந்து பார்த்தாள்.

"பத்தாது. இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் வெட்டு."

கீழே பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.