சாவி கைக்கு வந்த கதை

எனக்குக் காக்கா வலிப்பு. இந்த இரண்டு வார்த்தையை எழுத எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது. எண்பதுகளின் நடுவில், விழுப்புரத்தில் பத்திரம் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தபோது, என் நோயைப் பற்றிப் புத்தகம் எழுதியே தீருவது என்று கிளம்பினேன். பதினைந்து வயதிலிருந்து மூடி மூடி வைத்த நோய். என்ன வேகமோ, எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் போலிருந்தது.

வழிகாட்ட ஒருவர் கிடைத்தார். திண்டிவனத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் பிழை திருத்துபவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். சொந்தமாக ஒரு சிற்றிதழும் நடத்தினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் எழுதியதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். வழியில் விழுந்தால் யாரென்று தெரிய, சட்டைப் பையில் முகவரிச் சீட்டு இல்லாமல் என் மனைவி வாசலைத் தாண்ட விடமாட்டாள். திண்டிவனம் போய்ச் சேருகிறவரை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போவேன்.

அந்த மனுஷன் பாராட்டி நான் கேட்டதே இல்லை. சிவப்புப் பென்சிலைப் பிடித்துக்கொண்டு, "இத நீங்க பாத்தீங்களா சார்?" என்பார். பார்க்கவில்லை என்றால் ஒரு கோடு, அவ்வளவுதான். ஆரம்பத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வினை மூன்றாம் அத்தியாயத்தில் வந்தது. கல்யாணமான எட்டாம் நாள் காலை. வாடகை வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். என் மனைவி முதன்முதலாக என் வலிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான். அவள் அலறிக்கொண்டு ஓடிவந்தாள், என் தலையை மடியில் ஏந்தினாள், கண்ணீரோடு இரும்புச் சாவியைக் கையில் திணித்தாள் என்று எழுதியிருந்தேன். கையில் இரும்பு இருந்தால் வலிப்பு அடங்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எழுதும்போது வெட்கமில்லாமல் நானே அழுதேன்.

அவர் பக்கம் முழுக்கக் குறுக்குக் கோடு போட்டார்.

"அப்ப உங்களுக்கு நெனவு இருந்துதா சார்?"

"இல்ல. முழிச்சப்ப கையில சாவி இருந்துது."

"அப்ப அந்தச் சாவி மட்டுந்தான் உங்களுது. மிச்சம் பாத்தவங்க கிட்ட இருக்குது. கேட்டுக்கினு வாங்க."

நியாயம்தான். பார்க்காத நிலத்துக்கெல்லாம் பத்திரத்தில் நான்கெல்லை எழுதிப் பழகிய கை, என் நோய்க்கும் அப்படியே எழுதிவிட்டது. ஆனால் அவளிடம் கேட்பது லேசில்லை. பெண் பார்க்கப் போனபோது என் வீட்டார் நோயை மறைத்தார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. பதினோரு வருஷமாக அந்தப் பேச்சையே நாங்கள் எடுத்ததில்லை. கையில் இருந்த அந்தச் சாவியை நம்பித்தான், அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தேன்.

அன்று சாயங்காலம் அவள் வேர்க்கடலை, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை, உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். உரிக்கிற கை நிற்கவில்லை.

"நீங்க உழுந்தீங்க. வாயில நொர தள்ளிச்சி. ஏமாத்திக் கட்டி வச்சிட்டாங்கன்னு புரிஞ்சி போச்சி. அழுவல. துணிய மூட்ட கட்டினேன். கதவப் பூட்டிக்கினு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டேன்."

"என்னய உள்ள வச்சா பூட்டின?"

"ஆமா. செத்தா சாவட்டும்னு நெனச்சேன். இப்ப பொய் சொல்லி இன்னா ஆவப்போவுது."

"அப்பறம் ஏன் திரும்பி வந்த?"

"பஸ்ஸு வந்து நின்னுச்சி. அப்பத்தான் ஞாபகம் வந்துச்சி, அடுப்புல கேப்பக் கூழு வச்சது. தீய அணைக்கல. வீடு பத்திக்கிச்சின்னா? ஓடியாந்தேன். நீங்க மறுபடியும் இழுத்துக்கினு கெடந்தீங்க. கையில இருந்த சாவிய உங்க கையில வச்சேன்."

தோலை முறத்தில் ஒதுக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். அடுத்த ஞாயிறு அவர் அதை இரண்டு முறை படித்தார். பென்சிலைத் தொடவில்லை.

"இதப் போட அவங்க ஒத்துக்கினாங்களா?"

"படிச்சிக் காட்டினேன். போட்டுக்கோங்கன்னா."

தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "ஒரு வரி கொறையுது சார். அடுப்ப அணைச்சிட்டுப் போயிருந்தா, திரும்பி வந்திருப்பாங்களா? அதையும் கேட்டுக்கினு வாங்க."

தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அந்தக் கேள்வியைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் வழக்கம்போல என் பையிலிருந்து முகவரிச் சீட்டை எடுத்து, அடுத்த வாரத்துக்காக மாடத்தில் வைத்தாள். கேள்வி வாய் வரைக்கும் வந்தது. பயமாக இருந்தது, கேட்கவில்லை.

அந்த ஒரு வரி இல்லாமலேதான் அத்தியாயம் அச்சானது. அவருக்கு என்மேல் வருத்தம்தான். அதற்குப் பிறகும் எத்தனையோ முறை விழுந்திருக்கிறேன். விழிக்கும்போதெல்லாம் கையில் சாவி இருக்கும். எழுந்து உட்கார்ந்து அதை அவளிடம் நீட்டுவேன். அவள் வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போவாள்.